இருமல் மருந்தில் நச்சு எப்படிக் கலக்கிறது? ஊரிலிருந்து வாங்கி வந்த பாட்டிலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

இந்தியாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பெட்டியில் என்னென்ன இருக்கும்?

முறுக்கு, ஊறுகாய், புதுத் துணி. ஓர் ஓரத்தில், சட்டைக்குள் சுற்றி வைத்த இருமல் மருந்துப் பாட்டில். "அங்க வாங்குற மருந்துதான் கேக்கும். ரெண்டு வேளை குடிச்சா இருமல் நின்னுடும்" என்று பாட்டியோ அத்தையோ சொல்லியிருப்பார்கள்.

2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் இருமல் மருந்து குடித்த சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

அதன் பிறகு அலமாரியில் இருக்கும் அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போது ஒரு கேள்வி வருவது இயல்பு. இதை நம்பலாமா?

பதில் சொல்வதற்கு முன் மருந்துக்குள் நச்சு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

சிந்த்வாராவில் என்ன நடந்தது?

சிந்த்வாரா மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு முதலில் வந்தது சாதாரணக் காய்ச்சலும் இருமலும்தான். மருந்து கொடுத்த சில நாள்களில் அவர்களுக்குச் சிறுநீர் கழிவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. பலரை நாக்பூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏதோ ஒரு தொற்று என்றே ஆரம்பத்தில் சந்தேகித்தார்கள். தண்ணீரைக்கூடச் சோதித்தார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோதுதான் இது கிருமியின் வேலை அல்ல, நச்சின் வேலை என்பதற்கான அடையாளம் தெரிந்தது.

பிள்ளைகள் குடித்த மருந்துகளில் ஒன்று கோல்ட்ரிஃப். தயாரித்தது சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தொழிற்சாலைக்கே போய் மாதிரி எடுத்தார்கள். ஓரிரு நாளில் முடிவு வந்தது.

மருந்தில் இருந்த டைஎத்திலீன் கிளைகாலின் அளவு 48.6 விழுக்காடு.

மருந்தில் இது அதிகபட்சம் 0.1 விழுக்காடு இருக்கலாம் என்பதே வரம்பு. அதாவது வரம்பைப்போல் கிட்டத்தட்ட 500 மடங்கு. 5 மில்லிலிட்டர் கரண்டி ஒன்றில் ஏறக்குறைய இரண்டரை கிராம் நச்சு. பாட்டிலில் பாதி மருந்து, பாதி நச்சு என்றே சொல்லலாம்.

20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். தொழிற்சாலை மூடப்பட்டது, உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

டைஎத்திலீன் கிளைகால் என்றால் என்ன?

தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பான். வாகனங்களின் பிரேக் எண்ணெயிலும் இயந்திரக் குளிர்விப்புத் திரவங்களிலும் இதைச் சேர்ப்பதுண்டு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கொழகொழப்பாக இருக்கும், ருசித்தால் இனிக்கும்.

இனிப்பது பெரிய சிக்கல். கசந்தால் பிள்ளை துப்பிவிடும். இது இனிப்பதால் இன்னொரு கரண்டி கேட்கும்.

உடலுக்குள் போனதும் கல்லீரல் இதை உடைக்கிறது. அப்போது உருவாகும் அமிலங்கள் சிறுநீரகத்தின் உயிரணுக்களைக் கொல்கின்றன. முதலில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. அடுத்து சிறுநீர் நின்றுபோகும். பிறகு நரம்பு மண்டலம் பாதிக்கப்படும்.

இதன் நெருங்கிய உறவு எத்திலீன் கிளைகால். அதுவும் கிட்டத்தட்ட இதே பாதிப்பைத்தான் தரும்.

அது மருந்துக்குள் எப்படி வருகிறது? யாராவது வேண்டுமென்றே கலக்கிறார்களா?

இங்குதான் பலருக்குக் குழப்பம். காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால் தண்ணீரில் நன்றாகக் கரையாது. பிள்ளைகள் குடிக்கும்படி அதைத் திரவமாக்க ஒரு கரைப்பான் வேண்டும். புரோபிலீன் கிளைகால், கிளிசரின், சார்பிட்டால் போன்றவற்றைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். இவை உரிய தரத்தில் இருந்தால் பாதுகாப்பானவை. உணவிலும் பயன்படுபவை.

ஆனால் புரோபிலீன் கிளைகால் இரண்டு தரத்தில் விற்கப்படுகிறது. ஒன்று மருந்துக்கு உகந்த தரம், விலை அதிகம். மற்றது தொழிற்சாலைத் தரம், விலை மலிவு. மலிவானதில் நச்சுக் கிளைகால்கள் கலந்திருக்கலாம். சில வேளைகளில் டிரம்முக்கு மேலே ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் திரவம் முற்றிலும் வேறு.

கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. முகர்ந்தாலும் தெரியாது. மருந்து தயாரித்தவர் பல நேரங்களில் நச்சு என்று தெரிந்து கலப்பதில்லை. அவர் ஒரு டிரம் வாங்குகிறார், கூடவே ஒரு சான்றிதழ் வருகிறது, அதை நம்புகிறார். டிரம்மைத் திறந்து சோதித்துப் பார்ப்பதில்லை.

சுங்குவார்சத்திரத்தில் மருந்துத் தரம் இல்லாத புரோபிலீன் கிளைகால் பயன்பட்டதாகத் தமிழ்நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரே இடத்தில் 300க்கும் அதிகமான குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள்.

இது புதுப் பிரச்சினையா?

இல்லை. அதுதான் கோபம் வரவைக்கும் விஷயம். உலகத்துக்கு இது தெரிந்து 90 ஆண்டுகள் ஆகப்போகின்றன.

1937, அமெரிக்கா: சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைகாலைப் பயன்படுத்தியது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அதில் பலர் பிள்ளைகள். மருந்தை விற்பதற்கு முன் அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டமே அப்போது அங்கு இல்லை. 'எலிக்சிர்' என்றால் அதில் மதுசாரம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற காரணத்தைச் சொல்லித்தான் அதிகாரிகள் மருந்தைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது.

1990களில் வங்காளதேசம், ஹெய்ட்டி. 2006இல் பனாமா. 2008இல் நைஜீரியா. 2020இன் தொடக்கத்தில் ஜம்மு. எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான்.

பனாமாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் சங்கிலி புரியும். சீனாவிலிருந்து கிளிசரின் என்ற பெயரில் டிரம்கள் புறப்பட்டன. பெய்ச்சிங்கில் ஒரு வர்த்தகர், ஸ்பெயினில் ஒரு தரகர், கடைசியில் பனாமா. ஒவ்வொரு கை மாறும்போதும் சான்றிதழில் பெயர் மாறியது, முதலில் தயாரித்தவர் யார் என்பதே மறைந்துபோனது. ஆனால் எந்தக் கையும் டிரம்மைச் சோதிக்கவில்லை. அரசாங்கத்தின் சொந்த ஆய்வகமே அதைக் கலந்து சளி மருந்து தயாரித்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2022இல் மூன்று நாடுகளில் அடுத்தடுத்து இதே துயரம். காம்பியாவில் சுமார் 70 பிள்ளைகள். உஸ்பெகிஸ்தானில் 60க்கும் அதிகமானோர். இந்த இரண்டு நாட்டுக்கும் மருந்து போனது இந்தியாவிலிருந்து. மூன்றாவது, நம் பக்கத்து நாடான இந்தோனேசியா. அங்கு 200 பிள்ளைகள் வரை இறந்தார்கள். அந்த மருந்துகள் உள்நாட்டிலேயே தயாரானவை.

ஆகவே 'இந்தியா மருந்து என்றாலே இப்படித்தான்' என்று சொன்னால் அது தவறு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் இந்திய மாத்திரைகளை நம்பித்தான் வாழ்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மருந்தகங்களில் இந்தியத் தயாரிப்புகள் இருக்கின்றன. பாட்டிலுக்குள் போன கரைப்பானை யாராவது சோதித்தார்களா என்பதே இங்கே கேள்வி.

இந்தோனேசியாவிலிருந்து சிங்கப்பூர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பாத்தாம் நம் கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். அவ்வளவு அருகில் இருக்கும் நாடு 2022 அக்டோபரில் எல்லாத் திரவ மருந்துகளின் விற்பனையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. எந்தப் பாட்டிலில் நச்சு என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட முறிமருந்து ஃபோமெப்பிசோல். கல்லீரல் நச்சை அமிலமாக உடைப்பதை அது தடுக்கும். அந்த மருந்து இந்தோனேசியாவில் கைவசம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார்கள். ஆனால் அது சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் தரும். சிறுநீரகம் கெட்ட பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை.

பிறகு நடந்த வழக்கில் கிழக்கு ஜாவாவின் கெடிரி நகரில் உள்ள அஃபி ஃபார்மா நிறுவனத்தின் அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்கள் மூலப்பொருளைத் தாங்களே சோதிக்கவில்லை. விநியோகிப்பாளர் கொடுத்த சான்றிதழை நம்பினார்கள். பனாமாவில் நடந்த அதே கதை.

சோதனை அவ்வளவு கடினமா? அவ்வளவு செலவா?

இல்லை. மெல்லிய தகடு ஒன்றில் ஒரு சொட்டு வைத்து, திரவத்தில் நிறுத்தி, கறை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. வேதியியல் படித்த மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும், தொடக்கக்கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் வண்ணப்படிவுச் சோதனையின் வகைதான். அதில் சந்தேகம் வந்தால் அடுத்து வாயு வண்ணப்படிவு இயந்திரத்தில் உறுதிசெய்யலாம். உலகச் சுகாதார நிறுவனம் இந்த இரண்டு படிகளைத்தான் பரிந்துரைக்கிறது.

ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. விலையும் ஒரு பிள்ளையின் உயிரோடு ஒப்பிடும் அளவில் இல்லை. பிறகு ஏன் செய்வதில்லை?

முதல் காரணம், சட்டம் இருந்தாலும் கண்காணிப்பு போதவில்லை. ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதிக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் ஏற்கெனவே உண்டு. பல நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை என்று 2025 அக்டோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியே மாநிலங்களுக்கு எழுதினார்.

இரண்டாவது, சோதனை யாருக்காக என்பதில் ஒரு வேறுபாடு இருந்தது. காம்பியாவுக்குப் பிறகு இந்தியா ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் மருந்து அரசாங்க ஆய்வகத்தின் சான்றிதழ் பெற வேண்டும் என்றது அது. நல்ல விதிதான். ஆனால் உள்ளூரில் விற்ற மருந்துக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சோதனை, சிந்த்வாரா பிள்ளைக்கு அது கிடையாது.

இந்த இரண்டாவது காரணம் நம் பெட்டிக்கும் பொருந்தும். ஊர்க் கடையில் வாங்கி நாம் கொண்டுவரும் பாட்டில் ஏற்றுமதிச் சரக்கு அல்ல. அது உள்ளூர்ச் சரக்கு. நாம் விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்ததால் அது யாராலும் கூடுதலாகச் சோதிக்கப்பட்டதாக ஆகாது.

சிங்கப்பூரில் விற்கும் மருந்து எப்படி?

இங்கு மருந்துகளைக் கவனிப்பது சுகாதார அறிவியல் ஆணையம். ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் அதைப் பதிவுசெய்ய வேண்டும். மருந்து வெளிநாட்டில் தயாரானால் அந்தத் தொழிற்சாலை நல்ல தயாரிப்பு நெறிமுறைகளைப் பின்பற்றுகிறது என்பதற்குச் சான்று வேண்டும். கொண்டுவருபவருக்கும் உரிமம் வேண்டும். தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் தர அளவுகோலில் மிக உயர்ந்த நான்காம் நிலையை முதன்முதலில் கொடுத்தது இந்த ஆணையத்துக்குத்தான்.

மலேசியாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும்.

சரி, சிந்த்வாரா மருந்து இங்கு வந்ததா? 2025 அக்டோபர் 13ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைக் குறிப்பிட்டு எச்சரிக்கை விடுத்தது. கோல்ட்ரிஃப், ரெஸ்பிஃப்ரெஷ் டிஆர், ரீலைஃப். மூன்றில் எதுவும் ஏற்றுமதியாகவில்லை என்று இந்தியா அந்த நிறுவனத்திடம் தெரிவித்தது.

அது கப்பலில் முறையாகப் போகும் சரக்கைப் பற்றிய பதில். அத்தையின் பெட்டியில் வருவது எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வராது. இணையக் கடையிலிருந்து தபாலில் வருவதற்கும் இது பொருந்தும்.

அப்படியென்றால் ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவது சட்டவிரோதமா?

பொதுவாக இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு வரை கொண்டுவரலாம். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி தேவைப்படலாம். பயணத்துக்கு முன் ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொண்டுவர அனுமதி உண்டு என்றால், அந்த மருந்தைச் சிங்கப்பூர் சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையையும் தூக்கிப்போட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். இந்தக் குறிப்பிட்ட ஆபத்து திரவ மருந்துகளில், அதிலும் கரைப்பான் சேர்த்த சிரப்புகளில்தான். தினமும் எடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேளுங்கள்.

வீட்டில் இப்போது என்ன செய்யலாம்?

முதலில், பிள்ளைக்கு அந்த மருந்து தேவையா என்று கேளுங்கள். சளி, இருமல் பெரும்பாலும் கிருமித்தொற்றால் வந்து தானாகப் போய்விடும். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்க வேண்டாம் என்று இந்தியச் சுகாதார அதிகாரிகள் 2025 அக்டோபரில் சொன்னார்கள். 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றார்கள். கோல்ட்ரிஃபில் இருந்ததைப் போன்ற குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023லேயே அங்கு எச்சரித்திருந்தார்கள்.

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது.

இரண்டாவது, மருந்து வேண்டும் என்றால் உள்ளூர் மருந்தகத்திலோ மருந்துக்கூடத்திலோ வாங்குங்கள். பதிவு எண் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். சிங்கப்பூர் எண் எஸ்.ஐ.என் என்று தொடங்கும். ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடியும் பார்க்கலாம்.

மூன்றாவது, மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. சிந்த்வாராவில் எந்தத் தொகுதி என்று தெரிந்ததால்தான் தொழிற்சாலை வரை தடம் பிடிக்க முடிந்தது.

நான்காவது, மருந்து கொடுத்த பிறகு பிள்ளை வாந்தி எடுத்தால், மிகவும் சோர்ந்து போனால், சிறுநீர் வழக்கத்தைவிட ரொம்பக் குறைந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். "காய்ச்சல்லதான் தண்ணி கம்மியா போகுது" என்று நாமே முடிவு செய்துகொள்ளும் அந்த ஒருநாள், முறிமருந்து வேலை செய்யக்கூடிய ஒருநாளாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று

பாட்டி அந்தப் பாட்டிலை அன்போடுதான் கொடுத்துவிடுகிறார். சிந்த்வாராவின் அம்மாக்களும் அன்போடுதான் கரண்டியில் ஊற்றினார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தார், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், அட்டையில் பெயர் இருந்தது. எல்லாரும் தமக்கு முன்னால் இருந்தவரை நம்பினார்கள். சங்கிலியின் முதல் முனையில், டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் தன் வேலையைச் செய்யவில்லை.

வீட்டில் உட்கார்ந்து நாம் டிரம்மைத் திறந்து பார்க்க முடியாது. அதைத் திறந்து பார்ப்பதற்கென்று ஒருவர் இருக்கும் வழியாக வந்த மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அடுத்த முறை பாட்டி கொடுத்துவிட்டால், "இது எனக்கு வேணாம் பாட்டி, முறுக்கு இன்னொரு பாக்கெட் வைங்க" என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.